ஷல் (ஆங்கிலச் சொல்)

ஷல் என்பது ஆங்கில மொழியில் வழங்கும் துணைவினைகளுள் ஒன்றாகும். எதிர்காலம், கடமை, உறுதிமொழி, கட்டளை, அறிவிப்பு, பிறர் விருப்பம் கேட்டல் எனப் பல பொருள்களில் இது ஆளப்படுகிறது. அன்றாடப் பேச்சில், குறிப்பாக அமெரிக்காவில், இச்சொல் பெரிதும் அருகிவிட்டது. எனினும் சட்டங்கள், ஒப்பந்தங்கள், தொழில்நுட்பச் சீர்தரங்கள் ஆகியவற்றில் இன்றும் பக்கத்துக்குப் பக்கம் காணப்படுகிறது. "நடக்கும்" என்பதையும் "நடந்தே ஆகவேண்டும்" என்பதையும் ஒரே சொல் குறிப்பதால், இதன் பொருள் குறித்து நீதிமன்றங்களிலும் சட்டமன்றங்களிலும் நீண்ட வாதங்கள் நிகழ்ந்துள்ளன. 1963 இல் இந்திய ஆட்சிமொழிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இச்சொல் இடம்பெறாமல் போனது தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றோடு நேரடித் தொடர்புடைய செய்தியாகும்.

சொற்பிறப்பு

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் "கடன்பட்டிருத்தல்" என்னும் பொருளுடைய முழு வினையாக இருந்தது. ஒருவர் மற்றொருவருக்குப் பணம் தரவேண்டியிருப்பதை அவ்வினை குறித்தது. அதிலிருந்து "செய்யக் கடமைப்பட்டிருத்தல்" என்ற பொருளும், பின்னர் "இனிச் செய்தல்" என்ற எதிர்காலப் பொருளும் கிளைத்தன. ஜெர்மன் மொழியில் கடமையைக் குறிக்கும் "சோலன்" என்ற துணைவினையும், கடன், குற்றம் ஆகிய இரண்டையும் குறிக்கும் "ஷுல்ட்" என்ற பெயர்ச்சொல்லும் இதே வேரிலிருந்து தோன்றியவை.

தமிழில் "கடன்" என்ற சொல் திருப்பித் தரவேண்டிய பணத்தையும் செய்யவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிப்பது இதனுடன் ஒப்புநோக்கத்தக்கது. கடமை, கடப்பாடு, பழைய உரைநடையில் வரும் "செய்யக்கடவன்", "ஆகக்கடவது" என்னும் துணைவினை வடிவங்கள் ஆகியன இவ்வழிப்பட்டவை. இரு மொழிகளுக்கும் இதில் உறவு ஏதுமில்லை. கடனிலிருந்து கடமைக்குச் செல்லும் பொருள்வழி பல மொழிகளில் தனித்தனியே ஏற்பட்டதாகும்.

ஷல் என்பதன் போட்டிச் சொல்லான "வில்" முதலில் "விரும்பு" என்ற பொருளுடையது. ஆகவே ஆங்கிலத்தின் எதிர்காலத் துணைவினைகள் இரண்டனுள் ஒன்று கடமையிலிருந்தும் மற்றொன்று விருப்பத்திலிருந்தும் பிறந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஜான் விக்லிஃபின் பெயரால் அறியப்படும் விவிலிய மொழிபெயர்ப்பில் இலத்தீன் எதிர்கால வினைகளுக்கு ஷல் என்பதே பயன்படுத்தப்பட்டது. பத்துக் கட்டளைகளின் ஆங்கில வடிவம் இச்சொல்லுக்கு ஒரு வேதத் தொனியை அளித்தது. இன்றளவும் அத்தொனி நீங்கவில்லை.

இதன் இறந்தகால வடிவம் "ஷுட்" ஆகும். அது நாளடைவில் தனித்த சொல்லாகி, அறிவுரையையும் எதிர்பார்ப்பையும் குறிக்கலாயிற்று. எதிர்மறைச் சுருக்கமான "ஷான்ட்" பிரித்தானிய வழக்கிலேயே மிகுதி. உடன்பாட்டில் ஷல், வில் ஆகிய இரண்டும் ஒரே வகையாகச் சுருங்கி "ஐல்", "வீல்" என ஒலிக்கின்றன. இச்சுருக்கத்தில் எச்சொல் மறைந்துள்ளது என்பதைப் பேசுபவரே பல வேளைகளில் சொல்ல இயலாது. கீழே கூறப்படும் இலக்கண விதி பேச்சில் வேரூன்றாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

வாலிஸ் விதி

கணிதவியலாளரும் ஆக்சுபோர்டுப் பேராசிரியருமான ஜான் வாலிஸ் 1653 இல் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் ஷல், வில் பயன்பாட்டுக்கு ஒரு விதியை வகுத்தார். அதன்படி, வெறும் எதிர்காலத்தைக் கூறத் தன்மை இடத்தில் ஷல் என்பதும், முன்னிலை, படர்க்கை இடங்களில் வில் என்பதும் வரவேண்டும். உறுதிமொழி அல்லது மிரட்டலைக் கூறும்போது இது அப்படியே தலைகீழாகும். பின்வந்த பள்ளி இலக்கண நூல்கள் இவ்விதியை விரிவாக்கிப் பரப்பின. இந்தியாவிலும் இலங்கையிலும் ஆங்கிலம் கற்ற பல தலைமுறையினர் இதனை மனப்பாடம் செய்தவர்களே.

விதியை விளக்க ஒரு பழைய நகைச்சுவைக் கதை வழங்கிவந்தது. ஆங்கிலம் சரிவரத் தெரியாத ஒருவர் ஆற்றில் விழுந்து, "நான் மூழ்கிவிடுவேன், என்னை யாரும் காப்பாற்றமாட்டார்கள்" என்று அலற எண்ணினார். ஆனால் ஷல், வில் ஆகியவற்றை இடம்மாற்றிக் கூறிவிட்டார். கரையில் நின்ற ஆங்கிலேயர்கள் அதனை "நான் மூழ்கியே தீருவேன், யாரும் என்னைக் காப்பாற்றக் கூடாது" என்று பொருள்கொண்டு, அவர் விருப்பத்தை மதித்து வாளாவிருந்தனர். கதையின் நாயகர் சில நூல்களில் பிரெஞ்சுக்காரராகவும் சிலவற்றில் அயர்லாந்துக்காரராகவும் வருகிறார். உண்மையில் இவ்விதி இங்கிலாந்தின் தென்பகுதிக்கு வெளியே எக்காலத்திலும் இயல்பு வழக்காக இருந்ததில்லை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் வில் என்பதே எல்லா இடங்களுக்கும் பொதுவாக நின்றது. 1906 இல் வெளிவந்த "தி கிங்ஸ் இங்கிலிஷ்" என்ற நூலில் ஃபவுலர் சகோதரர்கள் இதற்குப் பல பக்கங்களை ஒதுக்கினர். தென் இங்கிலாந்தில் பிறந்தவருக்கு இவ்வழக்கு தானாக வரும் என்றும், பிறருக்குக் கற்பித்தல் மிகக் கடினம் என்றும் கூறினர். கற்பிக்க முடியாத ஒன்றை விதி என்று அழைப்பது பொருந்துமா என்பது வேறு கேள்வி.

புகழ்பெற்ற மூன்று எடுத்துக்காட்டுகள் இவ்விதியைப் பின்பற்றவில்லை. 1940 சூன் 4 அன்று வின்சுடன் சர்ச்சில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில், கடற்கரையிலும் களத்திலும் போரிடுவோம் என்று கூறிய தொடர்களில் தன்மைப் பன்மையுடன் ஷல் என்பதே வந்தது. விதிப்படி அது வெறும் முன்னறிவிப்பு. கேட்டவர்கள் அதனைச் சூளுரையாகவே கொண்டனர். 1942 மார்ச்சில் பிலிப்பைன்சை விட்டு ஆத்திரேலியா சென்றடைந்த அமெரிக்கத் தளபதி டக்ளஸ் மெக்கார்தர், தாம் மீண்டும் வருவதாகக் கூறிய புகழ்பெற்ற தொடரிலும் ஷல் என்றே சொன்னார். அமெரிக்கக் குடிசார் உரிமை இயக்கத்தின் பாடலான "வீ ஷல் ஓவர்கம்" முன்னர் "வீ வில் ஓவர்கம்" என்று பாடப்பட்டதாகும். மாற்றத்தைச் செய்தவர் தாமாகவோ செப்டிமா கிளார்க்காகவோ இருக்கலாம் என்று பாடகர் பீட் சீகர் கூறியுள்ளார். மூன்றிலும் ஷல் என்பதன் பழமையும் வேதத் தொனியுமே உறுதியைத் தருகின்றன. இலக்கண விதிக்கு அங்கு வேலையில்லை.

வினாவில் ஷல்

பேச்சு ஆங்கிலத்தில் ஷல் உயிரோடிருக்கும் இடம் தன்மை வினாவாகும். "ஷல் ஐ ஓப்பன் த விண்டோ" என்றால் "சாளரத்தைத் திறக்கட்டுமா" என்று பொருள். "ஷல் வீ கோ" என்றால் "போகலாமா" என்று பொருள். முதலாவது ஒரு உதவியை முன்வைக்கிறது. இரண்டாவது ஒரு யோசனையை முன்வைக்கிறது. இரண்டிலும் கேட்பவரின் விருப்பமே வினவப்படுகிறது.

தமிழ் பேசுவோர் ஆங்கிலத்தில் "ஷல் ஐ கோ" என்று விடைபெறும் அனுமதியைக் கேட்பது பரவலாக உள்ளது. தமிழில் "-லாமா" என்ற ஒரே ஈறு அனுமதியையும் ("நான் போகலாமா, ஐயா?") யோசனையையும் ("நாம் போகலாமா?") குறிப்பதே இதற்குக் காரணமாகலாம். அனுமதி கேட்க ஆங்கிலத்தில் "மே", "கேன்" ஆகியவை உள்ளன. அனுமதிக்காக ஷல் கேட்கப்படும்போது ஆங்கிலேயர் சற்றுத் தடுமாறுவர். ஆயினும் இதனைப் பெரும் பிழையாகக் கருத வேண்டியதில்லை.

சட்டத்தில் ஷல்

சட்ட மொழியில் ஷல் என்பது கட்டாயத்தையும், மே என்பது விருப்புரிமையையும் குறிக்கும் என்பது பொதுவான கொள்கை. ஆனால் நடைமுறை இத்துணை எளிதன்று. கடமை விதித்தல், தண்டனை கூறுதல், எதிர்கால நிகழ்வைச் சுட்டுதல், ஒரு நிலையை அறிவித்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் சட்டவரைவாளர்கள் நூற்றாண்டுகளாக ஷல் என்பதையே பயன்படுத்தினர். பிளாக் சட்ட அகராதியின் அண்மைப் பதிப்புகள் இதற்கு ஐந்து பொருள்களைத் தருகின்றன. "மே" என்பதற்கு ஈடானதும் அவற்றுள் ஒன்று.

இந்திய உச்ச நீதிமன்றம் 1957 இல் உத்தரப் பிரதேச மாநிலம் எதிர் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா என்ற வழக்கில் இக்கேள்வியை எதிர்கொண்டது. அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையம் கலந்தாலோசிக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 320ஆம் உறுப்பு ஷல் சொல்லைக் கொண்டு கூறுகிறது. எனினும், கலந்தாலோசிக்காமையால் மட்டும் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொல் மட்டும் போதாது, சட்டத்தின் நோக்கம், மீறினால் விளையும் பயன் ஆகியவற்றையும் காணவேண்டும் என்பதே இதன் அடிப்படை. இதனால் இந்தியச் சட்டத்தில் ஷல் என்பது கட்டாய வகை, வழிகாட்டு வகை என இரண்டாகப் பிரித்துப் பார்க்கப்படுகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1995 இல் ஒரு வழக்கில், ஷல் சில இடங்களில் மே என்ற பொருளில் கொள்ளப்படுவதை ஒப்புக்கொண்டது. மறுபுறம், மே என்ற சொல்லும் சில வேளைகளில் கடமையை உடன்கொண்டு வரக்கூடும் என்பதைப் பிரித்தானியப் பிரபுக்கள் அவை 1880 இலேயே ஜூலியஸ் எதிர் ஆக்சுபோர்டு ஆயர் என்ற வழக்கில் விளக்கியிருந்தது.

இந்திய ஆட்சிமொழிச் சட்டம், 1963

ஷல், மே ஆகிய இரு சொற்களுக்கு இடையிலான வேறுபாடு தெருப் போராட்டமாக மாறியது இந்தியாவிலேயே.

இந்திய அரசியலமைப்பின் 343ஆம் உறுப்பு, ஒன்றியத்தின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்திலான இந்தி என்று அறிவித்தது. அதே உறுப்பின் இரண்டாம் பிரிவு, 1950 சனவரி 26 முதல் 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படும் என்று கூறியது. அங்கு ஆளப்பட்ட சொல் ஷல் ஆகும். அந்தக் காலவரையறை 1965 சனவரி 26 அன்று முடிவடைய இருந்தது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் கூடுதல் மொழியாக நீடிக்கும் என்று தலைமை அமைச்சர் ஜவகர்லால் நேரு 1959 ஆகத்தில் மக்களவையில் உறுதி கூறினார். அவ்வுறுதியைச் சட்டமாக்கும் நோக்கில் 1963 இல் ஆட்சிமொழிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அச்சட்டத்தின் 3ஆம் பிரிவில், இந்தியுடன் ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்ற பொருளில் மே என்ற சொல் இடம்பெற்றது.

1950 இல் ஷல் ஆக இருந்தது 1963 இல் மே ஆகியிருந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் உள்ளிட்ட எதிர்ப்பாளர்கள் இதனையே சுட்டிக்காட்டினர். பயன்படுத்தப்படலாம் என்றால் பயன்படுத்தப்படாமலும் போகலாம் என்பது அவர்களது வாதம். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த சி. என். அண்ணாதுரை அச்சட்டத்தை எதிர்த்துப் பேசினார். இவ்விடத்தில் மே என்பது ஷல் என்றே பொருள்படும் என்று நேரு விளக்கினார். அவ்வாறாயின் அச்சொல்லையே எழுதிவிடலாமே என்ற கேள்வி எழுந்தது. சட்டத்தின் சொல் மாற்றப்படவில்லை. நேருவின் விளக்கம் சட்ட மரபுக்கு முற்றிலும் புறம்பானதன்று என்பதை மேற்கூறிய 1880ஆம் ஆண்டு வழக்கு காட்டுகிறது. ஆனால் சட்ட மரபு நீதிபதிகளைக் கட்டுப்படுத்துமேயன்றி, அடுத்து வரும் அமைச்சரவையைக் கட்டுப்படுத்தாது. ஒருவரின் சொல்லை நம்பியிருத்தல், சட்டத்தின் சொல்லை நம்பியிருத்தல் ஆகிய இரண்டுக்கும் உள்ள தொலைவே இங்கு சிக்கலாக இருந்தது.

நேரு 1964 மே மாதத்தில் காலமானார். 1965 சனவரி 26 நெருங்கியபோது சென்னை மாநிலத்தில் மாணவர் போராட்டம் வெடித்தது. தீக்குளிப்பாலும் துப்பாக்கிச் சூட்டாலும் பலர் உயிரிழந்தனர். ஒன்றிய அமைச்சர்களான சி. சுப்பிரமணியம், ஓ. வி. அழகேசன் ஆகியோர் பதவி விலக முன்வந்தனர். தலைமை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பிப்ரவரி 11 அன்று வானொலியில் உரையாற்றி, நேருவின் உறுதிமொழிகள் காக்கப்படும் என்றார். 1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் சென்னை மாநிலத்தில் ஆட்சிக்கு வந்தது. அவ்வாண்டு இறுதியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்தது.

திருத்தத்தைப் பார்த்தால், முதற்பிரிவின் மே அப்படியே இருப்பதைக் காணலாம். ஆனால் அதனை ஒட்டி ஷல் சொற்கள் சேர்க்கப்பட்டன. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களுக்கும் ஒன்றியத்துக்கும் இடையிலான தொடர்பில் ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அத்தகைய மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தைக் கைவிடத் தீர்மானம் இயற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் ஈரவைகளும் அவ்வாறே தீர்மானிக்கும்வரை இவ்வேற்பாடு நீடிக்கும் என்பது மற்றொன்று.

காசில் ராக் வழக்கு

ஷல் என்று எழுதப்பட்டிருந்தும் அது காப்பாற்றாத நிகழ்வுகளும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் காசில் ராக் என்ற ஊரில், 1999 சூனில் ஒரு பெண் தம்மைப் பிரிந்து வாழ்ந்த கணவருக்கு எதிராக நீதிமன்றத் தடையாணை பெற்றிருந்தார். ஆணை மீறப்பட்டால் காவலர்கள் கைது செய்ய வேண்டும், இயலாவிடில் பிடியாணை பெற வேண்டும் என்று ஆணைத் தாளின் பின்புறம் ஷல் சொல்லுடன் அச்சிடப்பட்டிருந்தது. கணவர் மூன்று மகள்களையும் அழைத்துச் சென்றுவிட்டார். தாய் மாலை முதல் நள்ளிரவு கடந்தும் காவல் நிலையத்தை மீண்டும் மீண்டும் அணுகினார். நடவடிக்கை எடுக்கப்படவில்லை. விடியுமுன் அக்கணவர் காவல் நிலையத்தின் மீது துப்பாக்கியால் சுட்டு, காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது வண்டியில் மூன்று சிறுமியரின் உடல்கள் காணப்பட்டன.

தாய் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005 இல், ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகப் பிரிந்து, ஊர் நிர்வாகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. காவலர்களின் விருப்புரிமை நெடுங்கால மரபு என்றும், ஷல் என்ற சொல் மட்டும் அதனை நீக்கிவிடாது என்றும், உண்மையான கட்டாயத்துக்கு இன்னும் வலுவான சான்று தேவை என்றும் நீதிபதி ஸ்கேலியா எழுதினார். அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை ஆணையம் 2011 இல் இவ்விடயத்தில் ஐக்கிய அமெரிக்கா தன் கடமையிலிருந்து தவறியதாகக் கண்டது.

துப்பாக்கி உரிமம் தொடர்பான அமெரிக்கச் சட்டங்களும் இச்சொற்களாலேயே வகைப்படுத்தப்படுகின்றன. தகுதியுடையவருக்கு உரிமம் கொடுத்தே ஆகவேண்டிய மாநிலங்கள் "ஷல் இஷ்யூ" என்றும், அதிகாரியின் விருப்பத்துக்கு விட்ட மாநிலங்கள் "மே இஷ்யூ" என்றும் அழைக்கப்பட்டன. நியூ யார்க்கின் இரண்டாம் வகைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2022 இல் செல்லாததாக்கியது.

யாருக்கும் கட்டளையிடாத ஷல்

ஷல் என்பதன் மற்றொரு சட்டப் பயன்பாடு, ஒரு நிலையை அறிவித்தல் ஆகும். இலங்கையில் 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியபோதும், 1987 இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்று சேர்த்தபோதும் இச்சொல்லே ஆளப்பட்டது. இத்தகைய வாக்கியத்தில் எழுவாய் ஒரு மொழி. மொழிக்குக் கடமை விதிக்க முடியாது. ஆகவே யார், எந்த அலுவலகத்தில், எதைச் செய்ய வேண்டும் என்பதை இவ்வாக்கியம் தானாகக் கூறுவதில்லை. அதற்கு வேறு விதிகள் தேவைப்படுகின்றன. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தமும், 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவை அமைத்த சட்டமும் அவ்வகையின. சட்டவரைவு நூலாசிரியர்கள் பலர் இதனைப் போலி ஏவல் என்று கூறி, எளிய நிகழ்கால வினையையே எழுதப் பரிந்துரைக்கின்றனர்.

கைவிடுவோரும் கைக்கொள்வோரும்

எளிய ஆங்கில இயக்கத்தினர் சட்டங்களிலிருந்து ஷல் என்பதை நீக்கிக் கடமைக்கு "மஸ்ட்" என்று எழுத வேண்டும் என வலியுறுத்தி வந்துள்ளனர். தென்னாபிரிக்காவின் 1993ஆம் ஆண்டு இடைக்கால அரசியலமைப்பில் ஷல் நிறைந்திருந்தது. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதனைத் தவிர்த்து மஸ்ட் என்பதைக் கையாண்டது. அமெரிக்கக் கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகள் 2007 திசம்பரில் புதுநடையில் வெளிவந்தபோது, ஷல் வந்த இடங்கள் ஒவ்வொன்றும் ஆராயப்பட்டு மஸ்ட், மே, ஷுட் ஆகியவற்றுள் பொருத்தமானதாக மாற்றப்பட்டன. இந்தியா இவ்வழியில் செல்லவில்லை. 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் ஆங்கில வடிவத்திலும் தண்டனைப் பிரிவுகள் பழையபடி ஷல் என்றே அமைந்துள்ளன.

பொறியியலாளர்கள் இதற்கு நேர்மாறாக நடந்துள்ளனர். பன்னாட்டுச் சீர்தர அமைப்பின் ஆவணங்களில் கட்டாயத் தேவைக்கு உரிய சொல் ஷல் மட்டுமே. பரிந்துரைக்கு ஷுட், அனுமதிக்கு மே, இயலுமைக்குக் கேன் என வரையறை உள்ளது. மஸ்ட் என்பது அங்கு சட்டம், இயற்கை விதி போன்ற வெளிக் கட்டுப்பாடுகளைக் குறிக்க ஒதுக்கப்பட்டுள்ளது. இணைய நெறிமுறை ஆவணங்களுக்காக 1997 மார்ச்சில் வெளியிடப்பட்ட ஆர்எப்சி 2119, மஸ்ட், ஷல் ஆகிய இரண்டையும் ஒரே பொருளுடையனவாக அறிவித்தது. பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டால் மட்டுமே இச்சொற்களுக்கு இச்சிறப்புப் பொருள் உண்டு என்று 2017 இல் ஆர்எப்சி 8174 தெளிவுபடுத்தியது. சொல் எதுவாயினும் அதன் பொருளை முதற்பக்கத்திலேயே வரையறுத்துவிடுவதால், நீதிமன்றங்களைத் தொல்லைப்படுத்திய குழப்பம் இங்கு பெரிதும் எழவில்லை.

ஒத்த சொற்கள்

முழுமையாக ஒத்த சொல் எதுவும் இதற்கு இல்லை. எதிர்காலப் பொருளில் வில், "கோயிங் டு" ஆகியவை ஈடாகும். கடமைப் பொருளில் மஸ்ட் மிக நெருங்கியது. "ஹேவ் டு" என்பது சூழலால் வந்த கட்டாயத்தையும், "ஆட் டு" என்பது அறம் சார்ந்த கடப்பாட்டையும் உணர்த்தும். "பி டு" என்ற அமைப்பு முன்னரே முடிவு செய்யப்பட்ட ஏற்பாட்டைக் குறிக்கும். வினாவில் வரும் ஷல்லுக்கு "வுட் யூ லைக் மீ டு" என்ற நீண்ட தொடரே ஏறத்தாழ ஈடாகும்.

தமிழில் ஷல்

தமிழ் மொழிபெயர்ப்பில் ஷல் என்பதற்குச் சூழலைப் பொறுத்து எதிர்கால வினை ("தண்டிக்கப்படுவார்"), "வேண்டும்", வியங்கோள் ("செய்க"), "கடவது" ஆகியன வழங்கியுள்ளன. எதிர்கால வினையைப் பயன்படுத்தினால், ஆங்கிலத்தில் உள்ள அதே மயக்கம் தமிழிலும் தங்கிவிடுகிறது. "அலுவலர் அறிக்கை அளிப்பார்" என்பது விதியா, செய்தியா என்பது தெரிவதில்லை. "வேண்டும்" என்பது தெளிவானது. இச்சொல் "விரும்பு" என்ற பொருளிலிருந்து கட்டாயப் பொருளுக்கு வந்தது என்பது கருதத்தக்கது. விருப்பத்திலிருந்து பிறந்த வில் ஆங்கிலத்தில் எதிர்காலமாயிற்று. விருப்பத்திலிருந்து பிறந்த வேண்டும் தமிழில் கடமையாயிற்று.

இலங்கைச் சட்டத் தமிழில் "செய்தல் வேண்டும்", "ஆதல் வேண்டும்" என்னும் வடிவங்கள் நிலைபெற்றுள்ளன. கடமை விதிக்கும் இடங்களில் முதல் வடிவம் நன்கு பொருந்துகிறது. அறிவிப்பு வாக்கியங்களிலும் ஷல் வருமிடமெல்லாம் இதே அமைப்பைப் பின்பற்றுவதால், ஒரு மொழி அரசகரும மொழி "ஆகும்" என்னாது "ஆதல் வேண்டும்" என்று எழுதப்படுகிறது. சட்டம் பயின்றவர் இதனை உடனடி அறிவிப்பாகக் கொள்வர். பொது வாசகருக்கோ, அது இன்னும் ஆகவில்லை, இனித்தான் ஆகவேண்டும் என்று தோன்றும்.